சட்டை அவுகளோடது

போன மாதம் நம் லைன் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு சினிமாத் துண்டை அனுப்பியிருந்தீர்கள். தெலுங்கில் எடுத்துத் தமிழ்க் குரல் கொடுத்த அந்தப் பழைய படம். திருடன் ஒருவன் போலீஸ் வேலைக்குள் நுழைந்துகொண்டு, மேலதிகாரிகளோடு சேர்ந்து தன்னைத்தானே தேடித் திரிகிற கதை. பரேடில் எல்லோரும் இடது பக்கம் திரும்பும்போது அவன் வலது பக்கம் திரும்பி, பக்கத்தில் நிற்பவன் மூக்கில் இடித்துக்கொள்ளும் காட்சி. அதன் கீழே, ‘நம்ம கான்ஸ்டபிள் மாமா ஞாபகம் வருதா?’ என்று ஒரு வரி. ஆளாளுக்குச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை.

கோபமெல்லாம் இல்லை. அன்றைக்கு நீங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். நடந்தது அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறீர்கள். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. இனிமேல் யாருக்குப் பயந்து ஒளிக்க வேண்டும்?

ஊர்ப் பெயரை எழுதவில்லை. நீடாமங்கலத்திலிருந்து தெற்கே போகிற சாலையில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு சின்னப் போலீஸ் ஸ்டேஷன். அதன் பின்னால் ஒரே வரிசையில் எட்டு ஓட்டு வீடுகள். போலீஸ்காரர் குடும்பங்களுக்கானவை, அதனால் லைன் வீடு. முதல் வீடு எங்களுடையது. என் அப்பா அங்கே ஏட்டு. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்த வருஷம் ஆடி பிறந்துதான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு: காய்ந்த சேறும் செத்த நத்தையும் வெந்த மண்ணும் கலந்தது. நாமெல்லாம் மதகுக் கட்டையில் உட்கார்ந்து நுரை வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவர் வரப்போரமாக நடந்து வந்தார். தலையில் பச்சைத் தகரப் பெட்டி. காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. “ஸ்டேஷனுக்கு இதான் வழியா, பாப்பா?” என்று என்னிடம்தான் கேட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

தெற்கே கடலோர மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் கான்ஸ்டபிள் ஒருவரை அப்பா இரண்டு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இவர் உத்தரவுக் காகிதத்தை நீட்டினார். ரயில் பெட்டிக் கதவு சாத்திக் கை நசுங்கிவிட்டது, அதுதான் தாமதம் என்றார். அப்பா பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டு, கையெழுத்து வரும்வரை பெருவிரல் ரேகை போதும் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் போட்டோ ஒட்டிய அட்டையெல்லாம் யாரிடமும் இருக்காது. காகிதமும் உடுப்பும் சரியாக இருந்தால் ஆளும் சரிதான்.

இப்போதும் எனக்கு அவரை ‘அவன்’ என்று எழுத வரவில்லை. முயன்று பார்த்தேன். கை ஓடவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

அம்மாவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லைனில் யாருக்கு உடுப்புப் பிரிந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வந்த மறுநாளே அவர் தன் இரண்டு செட் காக்கியையும் கொண்டுவந்து வைத்தார். வயிற்றுக் கோளாறில் இளைத்துவிட்டேன், கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் அக்கா என்றார். அம்மா இடுப்பில் மூன்று விரல் பிடித்தாள். தோளைக் குறுக்கினாள். பேன்ட் அடியில் மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்து இரண்டு விரல் இறக்கிவிட்டாள். மறுபடி போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவருக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. அம்மாவுக்குத் தன் வேலையில் ரொம்பப் பெருமை.

நம் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. எந்தப் பெரியவரும் நம்மோடு அப்படிப் பேசியதில்லை. பித்தளை பெல்ட்டுக்கு மெருகு போட நாம் போட்டி போட்டோம். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு இடது கையால் பம்பரம் விடுவார். ஒரு விஷயம் மட்டும் நம்மில் ஒருத்தி கண்டுபிடித்தாள்: மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை திரும்ப மாட்டார். இரண்டாவது தடவைதான். காது கொஞ்சம் மந்தம் என்று முடிவு செய்தோம். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாராவது சைக்கிளில் வந்தால், நமக்குச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே அவர் தலை திரும்பியிருக்கும்.

வந்து பத்து நாளில் முதல் கடிதம் வந்தது. நீல நிற இன்லண்ட் லெட்டர். தபால்காரர் அதைக் கொடுத்தபோது நான் அப்பாவின் சாப்பாட்டு அடுக்கோடு ஸ்டேஷன் வாசற்படியில் நின்றிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்புறம், வேலியோரம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி உடைந்துவிட்டது, படித்துக் காட்டுகிறாயா என்று கேட்டார்.

கான்ஸ்டபிளின் மனைவி எழுதிய கடிதம். எழுத்துக் கூட்டி எழுதியது. புள்ளி இருக்காது, கால் இருக்காது. போய்ச் சேர்ந்ததற்கு ஏன் இன்னும் எழுதவில்லை, சின்னது உங்களைத் தேடி ஏங்கிப்போய் வாசலையே பார்க்கிறது, என் தம்பி படகுக்கு மர வேலை நடக்கிறது, நீங்கள் போட்டு வைத்துவிட்டுப் போன வேட்டியைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். இப்படிப் போயிற்று. நான் படித்து முடித்ததும் அவர் கடிதத்தை வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்தார். “மீன் வாசம் அடிக்குது பாரு” என்று என்னிடமும் நீட்டினார். அடித்தது.

எழுதாவிட்டால் அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. கை இப்படி இருக்கிறது, நீ எனக்காக ஒரு பதில் எழுதித் தருகிறாயா, போலீஸ்காரன் சின்னப் பிள்ளையிடம் எழுதி வாங்குகிறான் என்றால் சிரிப்பார்கள், யாருக்கும் சொல்லாதே என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துதான் நல்ல கையெழுத்து என்பது உங்களுக்கே தெரியும். ‘அன்புள்ள மனைவிக்கு, நலம், நலமறிய ஆவல். ரயிலில் கை நசுங்கியதால் ஏட்டய்யா மகளைக் கொண்டு எழுதுகிறேன்’ என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “உங்க அப்பா வெளியூர் போனா உங்க அம்மாவுக்கு என்னன்னு எழுதுவாரு?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். அதையே எழுதினேன்.

அப்படி ஐப்பசி வரை பதினோரு கடிதம் எழுதினேன். அவளிடமிருந்து வந்ததைப் படித்ததும் கிழித்து வாய்க்காலில் விட்டுவிடுவோம். நீலத் துண்டுகள் தண்ணீரில் சுற்றிக்கொண்டு மதகுக்குள் போகும்.

முதலில் நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. சின்னதுக்கு ஜுரம், மூன்று நாளாக இறங்கவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. படித்துக் காட்டியதும் அவர் முகம் வெளிறிப்போனது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மாவே சொன்னாள். நாங்கள் எழுதிய பதில் போய்ச் சேரும் முன்பே தபால்காரரைத் தேடி மதகு வரை நடந்துபோய் நிற்பார். ஜுரம் விட்டது என்று கடிதம் வந்த அன்று நம் எல்லோருக்கும் கமர்கட்டு வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டீர்கள். “என் வீட்டுல சின்னதுக்கு உடம்பு தேவலை” என்றார். பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை.

புரட்டாசியில் அந்தப் படம் நம் ஊருக்கு வந்தது. பெரிய ஊர்களில் ஓடி முடிந்து, மழை மாதிரி கோடு கோடாய் விழும் பழைய பிரதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு லைன் முழுவதையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். அப்பாகூட வந்தார். போலீஸ் குடும்பங்கள் என்று முன்னால் நாலு பெஞ்சை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரையில் உதடு ஒன்று பேசும். காதில் வேறொன்று விழும். கொட்டகையே சிரித்தது. அந்தத் திருடன் முதல் நாள் ஸ்டேஷனுக்கு வந்து, சல்யூட்டை இடது கையால் அடித்து அறை வாங்குகிற இடத்தில், எல்லோரும் திரும்பி நம் மாமாவைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட நாளிலிருந்து அவரும் இடது கையால்தானே அடிக்கிறார். அவர் எழுந்து நின்று, கொட்டகை முழுவதற்கும் இடது கையால் ஒரு சல்யூட் அடித்தார். விசில் பறந்தது. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவர் முதுகில் தட்டி, “நம்ம ஸ்டேஷன்ல இப்படி ஒருத்தன் வந்தா ஒரே நாள்ல மோப்பம் பிடிச்சிருவேன், தம்பி” என்றார்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். திரை வெளிச்சத்தில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. திருடன் பேசப்போவதை ஒரு நொடி முன்னாலேயே அவர் உதடு சொன்னது. சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே நிறுத்தி, கூட்டம் சிரித்து முடியக் காத்திருந்து, மறுபடி அசைந்தது. எஸ்.ஐ. எதிரில் விறைத்து நிற்பது, குற்றவாளியின் சட்டைக் காலரைப் பிடிப்பது, பீடி கேட்கிறவனை விரட்டுவது என்று திரையில் அவன் செய்த ஒவ்வொன்றும் நான் மூன்று மாதமாக ஸ்டேஷன் வாசலில் பார்த்தவை. நான் அவரிடம், இந்தப் படத்தை முன்னாலேயே பார்த்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். உதடு நின்றது. இல்லை, ஒரு ஊகம்தான் என்றார். கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாமல் வயிறு வலிக்கிறது என்று அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டேன்.

அதே மாதம் ஸ்டேஷனுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வேறு மாவட்டத்தில் காவலிலிருந்து தப்பியவன்; கொலைக் குற்றச்சாட்டு; வலது முன்கையில் ஒரு பெண் பெயர் பச்சை குத்தியிருக்கும். அப்பா அதை உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, இதை வெளிச்சுவரில் ஒட்டிவிடு தம்பி என்று அவரிடம் கொடுத்தார். நான் சாப்பாட்டு அடுக்கோடு நின்றிருந்தேன். அவர் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், இடது கையால் நிதானமாக, சுருக்கம் விழாமல் ஒட்டினார். அடுத்த ஒரு வாரம் அப்பாவும் அவரும் சைக்கிளில் முத்துப்பேட்டை வரை போய் அந்த ஆளைத் தேடினார்கள். படகுக்காரர்களைக் கேட்டார்கள். அலையாத்திக் காட்டுக்குள் விறகு வெட்டப் போகிறவர்களைக் கேட்டார்கள். கேள்விகளை அவர்தான் கேட்டாராம். அவ்வளவு துருவித் துருவி யாரும் கேட்டுப் பார்த்ததில்லை என்று அப்பா வீட்டில் மெச்சிக்கொண்டார்.

அம்மா மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். மூன்று மாதமாக ஆறாத புண் என்றால் பக்கத்தில் வந்தால் ஒரு வாடை அடிக்கும், இந்தத் தம்பி கட்டு சலவைத் துணி மாதிரி இருக்கிறதே என்று. அப்பா அவளைக் கடிந்துகொண்டார். சுத்தமாக இருப்பதும் ஒரு குற்றமா என்றார். பேச்சு அதோடு போயிற்று.

இனி நான் செய்தது.

ஐப்பசிக் கடிதத்தில் அவள், சின்னதுக்கு வயது ஒன்றரை ஆகப்போகிறது, தீபாவளிக்காவது வருவீர்களா என்று கேட்டிருந்தாள். எழுத உட்கார்ந்தபோது அவரை யாரோ ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வர முடியாது, வேலை இருக்கிறது, நல்லதாக நாலு வார்த்தை நீயே எழுதி ஒட்டிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த வருஷம் அம்மா பாவாடை எடுத்துத் தரவில்லை. கடைக் கண்ணாடிக்குள் அரக்குக் கரை போட்ட பச்சைப் பாவாடைத் துணி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். எழுதினேன்: ‘என் செல்ல மகளுக்கு அரக்குக் கரை போட்ட பச்சைப் பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு அவள் ஓடி வருவதை நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.’ எழுதியது எனக்கே பிடித்திருந்தது. பசை தடவி ஒட்டி, தபால் பெட்டியில் போட்டேன்.

எல்லாக் கடிதத்திலும் அவள் ‘சின்னது’ என்றுதான் எழுதியிருந்தாள். தவழுது, சிரிக்குது, கேக்குது. நமக்குக் குழந்தை என்றால் ‘அது’தானே. ஆணா பெண்ணா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். நனைந்த சேலையோடு ஒரு பெண் ஸ்டேஷன் வராண்டாவில் ஏறினாள். இடுப்பில் குழந்தை. எஸ்.ஐ. பக்கத்து ஊருக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அப்பாதான் பொறுப்பில் இருந்தார். அவள் கான்ஸ்டபிளின் பெயரைச் சொன்னாள். தன் கணவர் என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். முதல் தடவையிலேயே அவர் வெளியே வந்தார்.

நீங்கள் வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கு அவள் சொன்னது கேட்டிருக்காது. நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

“இவுக இல்ல” என்றாள். அப்பா என்னம்மா என்று கேட்டார். “சட்டை அவுகளோடது. இந்தப் பாக்கெட்டுல மை கொட்டுன கறை இருக்கும் பாருங்க. சட்டை அவுகளோடது. ஆளு அவுக இல்ல.”

அவர் கத்தவில்லை, மறுக்கவில்லை. அவர் கண் நிறைந்து வழிந்தது. அப்பா எதிரில் கையைக் கூப்பி, “இதுக்காகத்தான் ஏட்டய்யா மாத்தல் வாங்கிட்டு வந்தேன். குழந்தை பொறந்ததுலேருந்து இப்படித்தான். என்னைய யாரோன்னு சொல்லுது” என்றார். பிறகு அவளைப் பார்த்து, சின்னதுக்கு ஜுரம் வந்தது, தம்பி படகு, துவைக்காமல் வைத்திருக்கும் வேட்டி என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். கணவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியவை. கேட்கக் கேட்க அவள் நடுங்கினாள். அந்த நடுக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவளுக்குத்தான் புத்தி சரியில்லை என்று நினைத்தார்கள். அப்பா உட்பட. லைன் பெண்கள் வந்து சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி விபூதி வைத்தாள். இன்னொருத்தி, எவ்வளவு பொறுமையான மனுஷன், இவருக்கு இப்படியா என்று அழுதாள்.

அவர் சாயங்கால பாசஞ்சரில் அவளை ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவருவதாகச் சொன்னார். அப்பா இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். அவள் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அப்பா தணிந்த குரலில், புருஷனோடு போம்மா, எல்லாம் சரியாகும் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லி வருந்தினார்.

அப்போது குழந்தை இறங்கி நடந்தது. டிராயர் நனைந்துவிட்டதென்று அவள் அதை அவிழ்த்திருந்தாள். அரைஞாணோடு ஓர் ஆண் குழந்தை என் காலடிக்கு வந்து நின்றது.

நான் அதைப் பார்த்தேன். நிமிர்ந்தால், அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. ‘என்ன எழுதினாய்?’ என்று கேட்கிற பார்வை. அந்த முகத்தில் அதுவரை இருந்த மாமா மெதுவாக விலகி, உள்ளே யாரோ நிற்பது மாதிரி இருந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது.

அம்மா அடுப்படியில் அந்தப் பெண்ணுக்காகக் காபி கலந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு கடிதம். அவர் கேட்டு நான் எழுதிக் கொடுத்தது. பாவாடை. தன் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரியாத அப்பா. அம்மா என்னை அடிக்கவில்லை. தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“இளைச்சா இடுப்பு சுருங்கும்” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. “காலு எப்படிடி நீளும்? ரெண்டு விரல் எறக்கிவிட்டேனே.”

மழையில் அப்படியே ஸ்டேஷனுக்குள் போனாள்; நானும் பின்னாலேயே போனேன். அதற்கு முன் அவள் அந்தப் படியை மிதித்ததே இல்லை. அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை. நேரே அவரிடம் போனாள். “தம்பி, ரயில்ல போறீங்க. கட்டு நனைஞ்சிருக்கு. அவிழ்த்துக் குடுங்க, வேற கட்டி விடறேன்” என்றாள்.

அவர் வேண்டாம் என்றார். “கையைக் காட்டுங்க தம்பி.”

அப்பா அதட்டினார். வீட்டுக்குப் போ என்றார். அம்மா நகரவில்லை. காலுக்கு இரண்டு விரல் இறக்கியதையும், நான் எழுதிய கடிதங்களையும் அவள் அங்கேயே, எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொன்னாள். தூணைப் பிடித்திருந்த அந்தப் பெண் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து, சுற்றுச் சுற்றாகக் கட்டை அவிழ்த்தார். அவசரமே இல்லை. அவிழ்த்த துணியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். கை முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. வெயில் படாமல் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அதில் பச்சையாக ஒரு பெண் பெயர்.

அப்பா எழுந்திருக்க முயன்று, முடியாமல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற கான்ஸ்டபிள்கள்தான் மாமாவைப் பிடித்து லாக்கப்புக்குள் கொண்டுபோனார்கள். நீங்கள் வேலியோரமிருந்து பார்த்தது அதைத்தான். அன்று சாயங்காலமே நீங்கள் ‘திருடன் போலீஸ்’ விளையாடினீர்கள்; உங்களில் ஒருவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் வரவில்லை.

மறுநாள் அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும்வரை நம் ஸ்டேஷன் லாக்கப்பில்தான் இருந்தார். நோட்டீசில் இருந்த அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அதிகாரிகள் கூப்பிட்டால் திரும்பவில்லையாம். கான்ஸ்டபிளின் பெயரைச் சொன்னால்தான் திரும்பினாராம். அது நடிப்பா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. உண்மையான கான்ஸ்டபிளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. ஒருமுறை, மயங்கி விழுந்து கிடந்தார், பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்றார். இன்னொருமுறை, “ரயில் ஏறும்போது இருந்தாரு. எறங்கும்போது இல்ல” என்றார். ஆடி மாதம் தண்டவாளத்தோரம் கிடந்த ஓர் அநாதைப் பிணத்தின் படத்தை அவளிடம் காட்டினார்கள். அவளால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வழக்கு நடந்தது, ஆயுள் தண்டனை ஆயிற்று. அப்பாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். நம் லைன் வீட்டு வாழ்க்கை எனக்கு அத்தோடு முடிந்தது.

அந்த இரண்டு நாளும் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் என் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடுவிரலில் மைக்கறை இருந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. விட்டுவிட்டாள்.

இத்தனை வருஷமும் நான் யாருக்கும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம் இல்லை. செத்துப்போன ஒரு மனிதனை மூன்று மாதம் அவன் மனைவிக்கு உயிரோடு வைத்திருந்தவள் நான். அவள் அவனுக்காக அழ வேண்டிய நாட்களில் என் எழுத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதை எந்த மன்னிப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தக் குழந்தை. அவருக்கும் இப்போது நரை வந்திருக்கும். மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பார்க்கிறார். யார் யாரிடமோ கேட்டு என் எண்ணைப் பிடித்திருக்கிறார். தன் அம்மா இறந்து முப்பது நாள் ஆகிறது என்றார். அவள் பெட்டியில் ஒரு கட்டுக் கடிதம் இருந்ததாகவும், அதில் ஏட்டய்யா மகள் என்று என்னைப் பற்றி எழுதியிருப்பதாகவும் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவை உங்கள் அப்பா எழுதியவை அல்ல, பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுதியவை, பதினோரு கடிதம் என்றேன்.

“தெரியும்க்கா. அம்மா எல்லாம் சொல்லியிருக்காக” என்றார். பிறகு காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. “பதினொண்ணு இல்ல. இதுல நாப்பத்தி ஆறு இருக்கு.”

நான் பதினொன்றுதான் எழுதினேன். மற்றவற்றை யார் எழுதினார்கள் என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார். “ரெண்டாப்பு படிக்கயில எழுதப் பழகுனேன்ல. அப்பறம் வருசா வருசம் அம்மா ஒக்காந்து சொல்லும், நான் எழுதுவேன். அன்புள்ள மனைவிக்கு, நலம், நலமறிய ஆவல்னு. எழுதி முடிச்சதும் என்னையவே படிச்சுக் காட்டச் சொல்லும். அழாது. நல்லா எழுதியிருக்காகள்லடான்னு கேக்கும்.”

அவர் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. உங்களுடைய பதினொன்றையும் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், கட்டைப் பிரிக்காதீர்கள் என்றேன்.